கனம் ஒட்டிய லிஃப்ட்

மேகமாளிகை அடுக்ககத்து லிஃப்டில் கனம் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது ஆவணிக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலையில். நடைப்பயிற்சி முடித்துப் பதினோராம் மாடிக்கு ஏறிப்போன சங்கச் செயலாளர் தணிகாசலம் சார் வழக்கம்போல் குளியலறை வாசலில் கிடக்கும் எடை மெஷினில் ஏறி நின்றார், போகும்போது எண்பத்து நாலாக இருந்தவர் வந்தபோது எண்பத்தைந்தாக இருந்தார், அவர் மனைவி மெஷினைத் துடைத்துவிட்டு ஏறச் சொன்னாள், அப்போதும் எண்பத்தைந்து, மெஷினைத் திருப்பிப் போட்டு நாலு தட்டு தட்டிவிட்டு ஏறச் சொன்னாள், அப்போதும் எண்பத்தைந்து. நடந்து வந்த மனுஷனுக்கு எடை கூடியிருக்கிறது என்றால் வேறு எவனாக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பான். இவர் போய் சங்க நோட்டீஸ் போர்டில் எழுதினார்.

லிஃப்டில் ஏறிய எல்லோருக்கும் இது தெரியும். மேலே கிளம்பும் அந்த ஒரு நொடியில் தரை நம் காலை அழுத்தித் தள்ளும், நாம் கொஞ்சம் கனத்துப் போவோம், வண்டி ஓட ஆரம்பித்ததும் அது போய்விடும். கீழே கிளம்பும் நொடியில் தரை காலுக்கடியிலிருந்து நழுவும், வயிற்றுக்குள் ஏதோ புரளும், நாம் கொஞ்சம் லேசாகிப் போவோம், அதுவும் போய்விடும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இதற்குத் தோற்ற எடை என்று பெயர். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஆனால் அந்தப் பாடம் முடிந்த பிறகுதான் விட்டேன். அந்த வியாழக்கிழமையிலிருந்து மேகமாளிகை லிஃப்டில் அது போகவில்லை. மேலே கிளம்பினவருக்கு ஒரு கிலோ கூடி அப்படியே நின்றது, கீழே கிளம்பினவருக்கு ஒரு கிலோ குறைந்து அப்படியே நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

ஏன் இப்படி என்று மூன்று நாள் கேட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் வந்தான், கயிற்றின் மறுமுனையில் தொங்கும் இரும்புப் பாளத்தைப் பார்த்தான், சக்கரத்துக்கு எண்ணெய் விட்டான், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவனும் ஒரு கிலோ லேசாக இறங்கிப் போனான். நாலாம் நாள் யாரும் கேட்கவில்லை. பால் வந்ததா, தண்ணீர் லாரி வந்ததா, எத்தனை கிலோ ஏறினீர்கள் என்று மேகமாளிகை தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஏறுகிறவர்கள் அதிலேயே இறங்கியிருந்தால் கூடினது கழிந்து போயிருக்கும், ஒருத்தருக்கும் ஒரு கேடும் வந்திருக்காது. அதற்குள் தணிகாசலம் சார் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் பொதுப்பணித் துறையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். பொதுக்குழுவைக் கூட்டி, கையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது பேருக்கு முன்னால் அவர் பேசியதை என் அம்மா அஞ்சுகம் டீ டம்ளர் தட்டோடு நின்று கேட்டிருக்கிறாள்.

"கோர்ட்ல ஜட்ஜை எப்படிக் கூப்பிடறோம்? கனம் நீதிபதி அவர்களேன்னு கூப்பிடறோம். சட்டசபையில? கனம் அமைச்சர் அவர்களே. கனம் இல்லாதவனை யாராவது மதிச்சிருக்காங்களா? இத்தனை நாள் நாம இதை வெறும் பேச்சுன்னு நெனச்சோம். இப்போ அது நம்ம லிஃப்ட்லயே வருது. வர்ற மரியாதையை இறங்கும்போது தொலைக்கணுமா? படிக்கட்டு எதுக்கு இருக்கு?"

கை தட்டினார்கள். அன்றிலிருந்து மேகமாளிகைக்காரர்கள் லிஃப்டில் ஏறினார்கள், படிக்கட்டில் இறங்கினார்கள். தொப்பையைக் குறைக்க வருஷக்கணக்கில் கொள்ளும் கஞ்சியுமாகக் குடித்துச் செத்தவர்கள் இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை கீழே போய் நாலு தடவை மேலே வந்தார்கள், வீட்டு வாசலில் பெயர்ப்பலகையை மாற்றி 'கனம் இன்னார்' என்று எழுதி அதற்குப் பக்கத்தில் கிலோவையும் எழுதினார்கள், கிலோ மாற மாற அழித்து எழுதச் சாக்பீஸ் வைத்தார்கள், கட்டில் உடைந்தால் இனிப்பு கொடுத்தார்கள், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனை வீட்டுக்குள் பார்க்காமல் லிஃப்ட் வாசலில் நிறுத்திப் பார்த்தார்கள். லிஃப்டுக்குள்ளேயே மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார் தணிகாசலம் சார். ஏறிக் கிளம்பும்போது முள் ஒரு கோடு தாண்டுவதைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பாலம் கட்டினவர். அந்தப் பாலத்தில் நான் நடக்க மாட்டேன்.

இப்போது அம்மாவின் கதை. மேகமாளிகையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெருக்கி, துணி காயப்போடுகிறவள். அந்த லிஃப்ட் வாசலில் கட்டடம் கட்டிய நாளிலிருந்தே ஒரு பலகை உண்டு: 'பணியாளர், கூரியர், நாய்கள் லிஃப்டில் ஏறக் கூடாது.' அதனால் அம்மாவும் மற்ற ஏழு பேரும் எப்போதும் படிக்கட்டில்தான் ஏறினார்கள், படிக்கட்டில்தான் இறங்கினார்கள். கனம் ஒட்டிய பிறகு ஒரு சங்கடம் வந்தது. படிக்கட்டில் கனவான்கள் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கும்போது விளக்குமாற்றோடு வேலைக்காரர்கள் எதிரே வந்தார்கள், யார் ஒதுங்குவது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்க வேண்டியிருந்தது. இதற்கும் பொதுக்குழு கூடியது. பணியாளர்கள் காலையில் எட்டு மணிக்குள் படியேறிவிட வேண்டும், மாலையில் லிஃப்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். போட்டுவிட்டு, பணியாளர்களுக்கு லிஃப்ட் வசதி செய்து கொடுத்ததற்காகத் தங்களுக்கே நன்றி தெரிவித்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு முதல் வாரம் சந்தோஷம்தான். நாற்பத்தாறு கிலோவாக இருந்தவள் நாற்பதுக்கு வந்ததும் "ஒடம்பு பஞ்சு மாதிரி கீது நிரோ, வயசுப்புள்ள மாதிரி நடக்கறேன்" என்று என்னிடம் காட்டினாள். நான் "நாளைக்கும் குறையும், நாளன்னைக்கும் குறையும், அப்புறம் என்ன பண்ணுவ?" என்றேன். "நிறுத்தற நேரத்துல நிறுத்திக்க மாட்டனா? எனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது. எனக்கும் தெரியாது, படிக்கட்டில் இறங்கினால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர்கள் சொல்வார்கள் என்பது. சொன்னார்கள்.

வீட்டுக்காரர்களுக்கோ லேசான வேலைக்காரி மாதிரி வசதி கிடையாது. நடந்தால் சத்தமே இல்லை, மத்தியானத் தூக்கம் கெடவில்லை. ஸ்டூல் இல்லாமலே ஃபேன் துடைத்தார்கள், ஒட்டடை அடித்தார்கள், பரண்மேல் ஒரு குதியில் ஏறிப் பித்தளைப் பாத்திரம் எடுத்துக் கொடுத்தார்கள். "அஞ்சுகம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது" என்று ஆறாம் மாடி மங்கையர்க்கரசி டீச்சர் அம்மாவைப் புகழ்ந்தார். டீச்சர் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவர். அவர் மட்டும் நூற்றிருபது கிலோ.

குப்பை எடுக்கிற தெய்வானை அக்காதான் முதலில் போனாள். அவள் முப்பத்தெட்டுக் கிலோதான், குப்பைப் பையோடு ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்குகிறவள், அதனால் இருபதாம் நாள் காலை பத்தேகாலுக்குக் குப்பைத் தொட்டியில் பையைக் கவிழ்த்ததும் அவளுக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. கால் தரையை விட்டது. இரண்டாம் மாடி வரைக்கும் அவள் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், நாலாம் மாடி வரைக்கும் யாரையெல்லாமோ கூப்பிட்டாள், எட்டாம் மாடி பால்கனியில் நின்ற அம்மாள் அவளைப் பார்த்து, "தெய்வானை, போறதுதான் போற, மேல கம்பியில என் நைட்டி ஒண்ணு மாட்டியிருக்கு, அதை எடுத்துப் போட்டுட்டுப் போ" என்றாள். தெய்வானை அக்கா எடுத்துப் போட்டாள். பிறகு தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, செல்போன் கோபுரத்தைத் தாண்டிப் போனாள். மறுநாள் நோட்டீஸ் போர்டில் புகார் ஒன்று இருந்தது: குப்பை எடுக்கவில்லை.

சங்கம் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆளுக்கு இரண்டு செங்கல் கொடுத்தார்கள். பெயின்டில் எண் எழுதிய செங்கல், இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும், சங்கத்தின் சொத்து, மாலையில் வாசல் கேட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மேகமாளிகைக்குள் எந்த வேலைக்காரியும் பறக்கக் கூடாது. வெளியே பறந்தால் அது அவர்கள் சொந்த விஷயம்.

செங்கல் வந்ததுதான் வினையாயிற்று. "அதான் செங்கல் குடுத்துட்டாங்க இல்ல, அப்பறம் இன்னா?" என்று அம்மா தொடர்ந்து இறங்கினாள். பத்துக்கு வந்தாள், ஐந்துக்கு வந்தாள், ஒரு சாயங்காலம் கேட்டில் செங்கலை அவிழ்த்துக் காவலாளி பால்துரை அண்ணனிடம் கொடுத்தபோது அவள் செருப்பு தரையில் இருந்தது, கால் செருப்பில் இல்லை. நான் எட்டிப் பிடித்தேன். துப்பட்டாவை அவிழ்த்து அவள் இடுப்பில் ஒரு முனை, என் இடுப்பில் ஒரு முனை. ஏரிக்கரை ரோட்டில் அப்படியே வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். ஆறு நாள் அப்படித்தான் வந்தோம், அவள் என் தலைக்குமேல் வந்துகொண்டே இன்று என்ன குழம்பு என்று கேட்பாள். படுக்கும்போது கட்டிலில் கட்டினேன். மெட்ரோ ஸ்டேஷன் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன், துணிக்கடை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன், ஒரு கிராம்கூட ஒட்டவில்லை. எங்கே போனதோ அங்கேதான் வரும் போலிருக்கிறது.

ஐம்பத்திரண்டு நாள் இறங்கி முடித்த மறுநாள் காலை அம்மா பூஜ்யத்துக்குக் கீழே ஆறு கிலோ இருந்தாள். இரண்டு செங்கல்லும் சேர்ந்து ஆறு கிலோ. மூன்றாவது செங்கலுக்குப் பொதுக்குழு கூட வேண்டுமாம். அன்றைக்குச் சாயங்காலம் இன்னொரு தடவை இறங்கினால் செங்கல்லோடு சேர்த்துப் போய்விடுவாள். அதோடு அன்றைக்கு ராத்திரி புயல் கரையைக் கடக்கும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்கு மேலே இருப்பது சிமென்ட் ஷீட்டு. போன வருஷப் புயலில் அதில் ஒன்று பறந்துபோய் ஏரியில் விழுந்தது. ஷீட்டுக்கே அந்தக் கதி.

அம்மா இந்த லிஃப்டில் மேலே போக வேண்டும், இன்றைக்கே போக வேண்டும். காலை எட்டு மணிக்கு, கேட்டில் இரண்டு செங்கல்லையும் கட்டியும் கால் தரையில் பாவாத அவளை இழுத்துக்கொண்டு லிஃப்ட் வாசலில் போய் நின்றேன்.

"ஏ பிள்ள, இங்ஙன நிக்காத" என்றார் பால்துரை அண்ணன். "செகரட்டரி வார நேரம். என் வேலைக்கு உலை வச்சிராத."

"அவரைத்தாண்ணே பார்க்கணும்."

டீச்சர்தான் முதலில் வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடை எங்கயும் போகாதும்மா. இது தோற்ற எடை. உண்மையான எடை உங்கம்மாவுக்குள்ள அப்படியே இருக்கு. பாடத்தை ஒழுங்காப் படிச்சிருந்தா இப்படி வந்து நிக்க மாட்ட."

"அப்போ உங்களுக்குக் கூடினதும் தோற்றம்தானே டீச்சர்?"

"அது வேற."

"எப்படி வேற?"

"எதிர்க் கேள்வி கேக்கறதைப் பாரு. இதுக்குத்தான் படிப்பு ஏறல."

அம்மா என் தலைக்குமேல் இருந்து, "வுட்டுடுடி, டீச்சர்கிட்ட அப்படிப் பேசாத" என்றாள். அந்த நிலைமையிலும்.

தணிகாசலம் சார் வந்தார். தரை முதலில் அதிர்ந்தது, பிறகு அவர் தெரிந்தார். இருநூற்று எழுபத்தாறு கிலோ கனத்தை நாலு சட்டைத் துணியில் தைத்த ஒரு சட்டைக்குள் போட்டுக்கொண்டு, நடந்தார் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு காலாக நட்டுக்கொண்டு வந்தார். நான் கேட்டேன். பலகையைக் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கு, படி."

"படிச்சிருக்கேன் சார். எங்கம்மாவுக்கு ஒரு தடவை விதியைத் தளர்த்துங்க. ராத்திரி புயல் வருது."

"ஒருத்தருக்குத் தளர்த்தினா ஏழு பேரும் கேப்பாங்க. ஏழு பேருக்கும் கனம் வந்துட்டா அப்புறம் கனத்துக்கு என்ன மரியாதை? நீயே சொல்லு."

நியாயமான கேள்வி என்பதுபோல டீச்சர் தலையாட்டினார்.

சொல்லிவிட்டு அவர் லிஃப்டுக்குள் போய்த் தராசில் ஏறி நின்று, கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பதினொன்றை அழுத்தினார். லிஃப்ட் கீ கீ என்று கத்தியது. உள்ளே ஒரு தகடு அடித்திருக்கிறார்கள்: நான்கு பேர், 272 கிலோ. இரண்டு மூன்று கிலோ கூடினதை நேற்று வரைக்கும் பொறுத்துக்கொண்ட வண்டி இன்றைக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே போட்டார், கத்தியது. கடிகாரத்தை, மோதிரத்தை, கண்ணாடியைக் கழற்றினார், கத்தியது. சட்டைப் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து வீசினார், கத்தியது. மேகமாளிகையிலேயே அதிகக் கனவானை அவர் வீட்டுக்குத் தூக்கிப்போக மாட்டேன் என்றது லிஃப்ட். படியேறவும் அவரால் முடியாது. கூட்டம் சேர்ந்துவிட்டது, இருபது முப்பது பேர், எல்லோரும் கனமானவர்கள், தரை ஓடு ஒவ்வொன்றாக விரிசல் விட்டது.

பால்துரை அண்ணனைக் கூப்பிட்டு, கத்துகிற மணியை அணைக்கச் சொன்னார். அணைத்தார். கத்தல் நின்றது, மோட்டார் முனகியது, வண்டி அசையவில்லை.

அப்போதுதான் அவர் என் அம்மாவை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சுகம். நீ எவ்வளவு?"

"கீழ ஆறு சார்."

"செங்கல்லை அவுத்துட்டு உள்ள வா. கூரையில போய் முட்டிக்கிட்டு நில்லு. உன் லேசுக்கு வண்டி ஏறிடும்."

கூட்டத்தில் முணுமுணுப்பு வந்தது. பலகை பலகைதானே என்றார் ஒருவர். தணிகாசலம் சார் யோசித்தார், யோசித்து, "ஆளா ஏத்தல. சாமானா ஏத்தறேன். குடியிருப்போர் தங்களோட சாமானைக் கொண்டு போகலாம்னு விதி இருக்கு" என்றார். எல்லோருக்கும் நிம்மதி. பால்துரை அண்ணன் பதிவேட்டை எடுத்து, தணிகாசலம் சார் பெயருக்கு நேரே, சாமான் ஒன்று என்று எழுதினார். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடி, போவட்டா? பதினோராவது மாடிக்குப் போறதுக்குள்ள ஒரு கிலோதான வரும்? அதை வச்சிக்கினு இன்னா பண்றது?"

நான் துப்பட்டா முடிச்சை அவிழ்ப்பதுபோல அவள் காதுக்கு எம்பினேன். "மேல போக வேணாம்மா. கெளம்பினாப் போதும். ஒவ்வொரு தடவை கெளம்பும்போதும் ஒரு கிலோ. இந்த ஆளை வச்சிக்கிட்டு இது எங்கயும் போவாது. கெளம்பிக்கிட்டே இருக்கும்."

மேகமாளிகை முழுக்க, பாலம் கட்டினவரும் பாடம் நடத்தினவரும் சேர்த்து, ஐம்பத்திரண்டு நாளாகக் கனம் உயரத்தில் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். பதினோராம் மாடிக்காரருக்கும் ஒரு கிலோதான், முதல் மாடிக்காரருக்கும் ஒரு கிலோதான், ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை. அது உயரத்தில் இல்லை. கிளம்புகிற குலுக்கலில் இருக்கிறது.

அம்மா உள்ளே போய்த் துப்பட்டாவையும் செங்கல்லையும் அவிழ்த்து வெளியே போட்டாள், சர்ரென்று மேலே போய் லிஃப்டின் கூரையில் முதுகு ஒட்டிக்கொண்டாள், அங்கிருந்து ஒரு கையால் சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலம் சார் பதினொன்றை அழுத்தினார். மோட்டார் முக்கியது, வண்டி ஒரு குலுக்கல் குலுங்கி ஒரு சாண் ஏறியது, ஏறினதும் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கிலோ கூடியது, கூடினதும் மோட்டாருக்கு முடியவில்லை, காற்று போன பாய் மாதிரி வண்டி மெல்ல மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது. மெல்ல இறங்குவதில் குலுக்கல் இல்லை. குலுக்கல் இல்லாததால் ஒன்றும் கழியவில்லை.

"இன்னொரு தடவை" என்றார்.

மறுபடி குலுங்கியது, ஒரு சாண் ஏறியது, மறுபடி உட்கார்ந்தது. ஒரு தடவை கிளம்பிப் பழகிய மோட்டார் அதற்குப் பிறகு எவ்வளவு கனமானாலும் அந்த ஒரு சாண் கிளம்புவதை விடவில்லை. மறுபடி அழுத்தினார். கம்பிக் கதவு வழியாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாவது தடவை அவருக்கு எரிச்சல் வரும் என்று நான் பயந்தேன், வந்தால் அம்மாவை இறங்கச் சொல்லிவிடுவார். அப்போது அவர் கண் தராசு முள்ளில் விழுந்தது. எரிச்சல் போய்விட்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"ஏறுது" என்றார். "இருநூத்தி எண்பத்து மூணு! பாருங்க!"

"சார், வண்டி ஏறலையே" என்றது யாரோ.

"கனம் ஏறுது இல்ல? வண்டி பிறகு ஏறும்."

அதற்குப் பிறகு அவரை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அழுத்தினார், குலுங்கியது, உட்கார்ந்தது, அழுத்தினார், குலுங்கியது, உட்கார்ந்தது, அவர் எண்ணைச் சொன்னார், கூட்டம் திருப்பிச் சொன்னது, இருநூற்றுத் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, யாரோ ஓடிப்போய்ச் சாமந்தி மாலை வாங்கிவந்தார்கள், முந்நூறு தொட்டபோது கை தட்டிக் கம்பி வழியாக மாலையை உள்ளே தள்ளினார்கள், டீச்சர் தன் போனில் படம் பிடித்தார். அந்தப் படத்தில் அம்மா இருந்திருப்பாள். ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் முதுகு கூரையை விட்டது முதலில், பிறகு கால்கள் தொங்கின, பிறகு தலை ஃபேனுக்குக் கீழே வந்தது, பிறகு ஒரு கால் பெருவிரல் தரையைத் தொட்டது, எடுத்தது, மறுபடி தொட்டது. பிறகு பாதம் முழுக்க. பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள், அவர் அழுத்திக்கொண்டே இருந்தார், நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஐம்பத்திரண்டாவது குலுக்கலில் நான் தலையாட்டினேன். அம்மா கம்பிக் கதவைத் திறந்தாள்.

"ஏய், எங்க போற?" என்றார் தணிகாசலம் சார். "நீ எறங்கினா நான் எப்படி மேல போறது?"

"சாமான் கனமாயிடுச்சி சார்" என்றாள் அம்மா.

பால்துரை அண்ணன் மட்டும் சிரித்தார். உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

தணிகாசலம் சார் அங்கேயேதான் இருக்கிறார். தரைத்தளத்தைவிடக் கீழே போக அந்த லிஃப்டுக்கு வழியில்லை, மேலே போக அதற்குத் தெம்பில்லை, கதவைத் தாண்டி வர அவருக்கு உடம்பு விடவில்லை. சாப்பாடு அங்கேயே வருகிறது, பொதுக்குழு அங்கேயே கூடுகிறது, அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொரு வேலைக்காரியாகச் சாமான் என்று எழுதி உள்ளே கூப்பிட்டுக் கூரையில் நிறுத்தி மேலே போக முயன்றார், ஒவ்வொருத்தியும் தன் கனத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள், அவர் அறுநூற்றைத் தாண்டினார், ஒரு மாடிகூட ஏறவில்லை. பெயர்ப்பலகையை லிஃப்ட் வாசலுக்கே கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். கேட்டால் மாவட்டத்திலேயே அதிகக் கனம் எங்கள் செயலாளர்தான் என்கிறார்கள். தெய்வானை அக்கா திரும்பி வரவில்லை. இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை, அதை நல்லபடியாக முடித்துச் சொல்ல எனக்கு வராது.

அன்றைக்கு அம்மா நாலு வீட்டுக்கும் போகவில்லை. நேராகக் கேட்டைத் தாண்டினாள். காற்று அதற்குள் கிளம்பிவிட்டது. ஏரிக்கரை ரோட்டில் டீக்கடைத் தார்ப்பாய் கொடிபோல அடித்துக்கொண்டிருந்தது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ரோட்டின் குறுக்கே தனியாக ஓடியது, முருங்கைக் கிளை ஒன்று எங்கள் முன்னால் முறிந்து விழுந்தது. அம்மா முன்னால் நடந்தாள். சேலை ஒரு பக்கமாகப் பறந்தது, அவள் பறக்கவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் கால் வைத்தாள், கணுக்கால் வரைக்கும் சேற்றில் இறங்கியது, இழுத்தாள், செருப்பு வார் அறுந்தது, அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன். ஐம்பத்திரண்டு நாள் பழக்கத்தில் சுண்டு விரலால் தூக்குகிற மாதிரி இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். நானும் சறுக்கி விழப் பார்த்தேன்.

"எழுந்திரும்மா. மழை வருது."

"இருடி" என்றாள். சேற்றில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி அழுத்திப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்."